ஷிங்கிள்ஸ் கூரை போடப்போறீங்களா? மூடுறதுக்கு முன்னாடி இந்த 6 போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க!

ஹாலிவுட் படங்களில் வரும் வீடுகளைக் கவனிச்சிருக்கீங்களா? சரிவான கூரை மேல மீன் செதில் மாதிரி வரிசை வரிசையா ஏதோ அடுக்கியிருக்கும். அதுதான் ஆஸ்பால்ட் ஷிங்கிள்ஸ். அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் கூரை. இப்போ நம்ம ஊர் மலைப்பகுதி காட்டேஜ், பண்ணை வீடு, போர்டிகோன்னு இங்கேயும் வந்தாச்சு.

ஓடு மாதிரி உடையாது, தகரம் மாதிரி மழைக்குச் சத்தம் போடாது. எல்லாம் சரிதான். ஆனா, ஒரு சிக்கல் இருக்கு. கூரை ஒழுகுமா, ஒழுகாதா என்பதை முடிவு செய்யும் வேலைகள் எல்லாமே அடுத்த அடுக்குக்கு அடியில் மறைஞ்சுடும். வேலை முடிஞ்சதும் கீழே நின்னு பார்த்தா, ஒழுங்கா போட்ட கூரையும் அரைகுறையா போட்ட கூரையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால, வேலை நடக்கும்போதே பார்க்கணும். கையில போன் இருக்குல்ல, அது போதும்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

நடுவில் ஃபைபர் கிளாஸ் விரிப்பு, அதன் மேல் ஆஸ்பால்ட் பூச்சு, அதற்கும் மேல் பொடிக்கற்கள். இவ்வளவுதான் ஷிங்கிள். அந்தக் கற்கள் அழகுக்கு மட்டும் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் ஆஸ்பால்ட்டைக் காய்ச்சி வெடிக்க வெச்சுடாம தடுப்பதே அவைதான். 1903-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கான்ட்ராக்டர், சுருளாக வந்த ஆஸ்பால்ட் கூரைத் தாளைத் துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்தினார். அங்கிருந்து ஆரம்பிச்சதுதான் இது.

ஷிங்கிள்ஸ் தண்ணியை அடைச்சு நிறுத்தாது, வழியவிடும். நம்ம ஊர்ல கீற்று வேயறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். கீழே இறவாரத்தில் ஆரம்பிச்சு மேலே முகட்டில் முடிப்பாங்க. மேல் வரிசை கீழ் வரிசையைப் போர்த்தியபடி இருக்கும். ஷிங்கிள்ஸிலும் அதே கணக்குதான். இந்த அடுக்கு எங்கே தப்பினாலும் தண்ணி உள்ளே வரும்.

போட்டோ 1: சரிவும் அடித்தளமும்

12 அடி நீளத்துக்குக் குறைந்தது 2 அடியாவது கூரை உயரணும். 4 அடிக்குக் குறைவான சரிவுன்னா, அடியில் விரிக்கும் தாள் இரட்டை அடுக்கா இருக்கணும். தட்டையான மொட்டை மாடிக்கு ஷிங்கிள்ஸ் ஒத்தே வராது. அடியில் இருக்கும் பலகை மேடு பள்ளம் இல்லாம, காய்ஞ்சு இருக்கணும். சரிவான காங்க்ரீட் மேல் போடுறீங்கன்னா, ஏற்கெனவே இருக்கும் கசிவை முதல்ல சரிசெய்யுங்க. ஷிங்கிள்ஸ் போட்டா தானா நின்னுடும்னு நம்பாதீங்க.

போட்டோ 2: அடித்தாள்

ஷிங்கிள்ஸுக்கு அடியில் நீர் புகாத தாள் ஒண்ணு விரிப்பாங்க. இதுவும் கீழிருந்து மேலே ஏறணும், மேல் தாள் கீழ்த் தாள் மேல் ஏறி நிற்கணும். காத்துல ஒரு ஷிங்கிள் பறந்துட்டாலும், ரிப்பேர் பண்ணும் வரை வீட்டைக் காப்பது இந்தத் தாள்தான். 'இது எதுக்கு வீண் செலவு?' என்று யாராவது சொன்னா உஷாராகிடுங்க.

போட்டோ 3: ஸ்டார்ட்டர் வரிசை

இறவாரத்தில் முதல் வரிசைக்கு அடியில் இன்னொரு வரிசை உண்டு. வெளியே தெரியவே தெரியாது. ஆனா, முதல் வரிசையில் ரெண்டு ஷிங்கிள் சேரும் இடைவெளிக்குள் இறங்கும் தண்ணியை வெளியே தள்ளுவது இதுதான். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவங்க விட்டுடுற வரிசையும் இதுதான்.

போட்டோ 4: ஆணி

ஆணி எங்கே அடிக்கணும்னு ஷிங்கிள் மேலேயே கோடு இருக்கும். ஒரு ஷிங்கிளுக்குப் பொதுவா 4 ஆணி, பலத்த காத்து வீசும் இடத்தில் 6. கடலோர ஊர்ல இருக்கீங்கன்னா 6 கேளுங்க. கோட்டுக்குக் கீழே அடிச்சா ஆணி வெளியே தெரிஞ்சு ஒழுகும். மேலே தள்ளி அடிச்சா பிடிமானம் குறைஞ்சு காத்துல பிய்ச்சுக்கும். சாய்வா அடிச்சா ஆணித்தலை ஷிங்கிளைக் கிழிச்சுடும். காங்க்ரீட்டுக்கு அதற்கான ஆணியும் பிட்டுமன் பசையும் தேவை.

ஷிங்கிள் பின்பக்கம் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை உரிக்கலையேன்னு மேஸ்திரிகூட சண்டைக்குப் போயிடாதீங்க. கட்டுக்குள் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டாம இருக்கத்தான் அது. உரிக்க வேண்டியதில்லை. போட்டபிறகு வெயில் பட்டு, இன்னொரு பசைப் பட்டை இளகி வரிசைகள் தானா ஒட்டிக்கும்.

போட்டோ 5: சுவர் சேரும் இடம்

பெரும்பாலான ஒழுகல் ஷிங்கிள்ஸ் நடுவில் வராது. கூரை சுவரோடு சேரும் இடம், குழாய் வெளியே வரும் இடம், ரெண்டு சரிவு சேரும் பள்ளம், இங்கேதான் வரும். சுவர் ஓரத்தில் வளைச்ச தகடு ஷிங்கிள்ஸோடு மாறி மாறி அடுக்கப்படணும். சிலிக்கான் மட்டும் தடவி மூடினா, வெயில்ல வெடிச்சு சில வருஷத்தில் வேலையைக் காட்டிடும்.

போட்டோ 6: முகடு

கடைசியா முகட்டை மூடும் முன் ஒரு கேள்வி கேளுங்க. 'சூடான காத்து வெளியே போக வழி எங்கே?' அடர்நிற ஷிங்கிள்ஸ் வெயிலை நல்லா உறிஞ்சும். மரச்சட்டம், பலகை வெச்ச கூரைன்னா, இறவாரம் வழியா காத்து உள்ளே வந்து முகடு வழியா வெளியேறணும். இல்லைன்னா வீடும் வேகும், ஷிங்கிள்ஸ் ஆயுசும் குறையும்.

முடிஞ்சப்புறம் உச்சி வெயிலில் கூரை மேல் நடக்கவிடாதீங்க. இளகிய ஆஸ்பால்ட்டிலிருந்து கற்கள் பெயர்ந்துடும். முதல் மழையில் கொஞ்சம் பொடிக்கல் வழிந்து வருவது சகஜம். வருஷங்கள் கழிச்சு அள்ளும் அளவுக்கு வந்தா, மாத்தும் நேரம் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம்.

தயாரிப்பு நிறுவனங்கள் பல, சொன்ன முறைப்படி போட்டிருந்தால்தான் வாரன்டி தருவாங்க. அப்போ உங்க கையில் இருக்கும் சாட்சி, இந்த 6 போட்டோதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கான்ட்ராக்டரிடம் ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க: 'ஸ்டார்ட்டர் வரிசை எப்படிப் போடுவீங்க?' பதில் டக்குன்னு வந்தா, அவருக்கு வேலை தெரியும். 'அப்படின்னா?' என்று கேட்டா, வேற ஆளைப் பாருங்க.