பாவைக்குத் தோலாகும் துணி

தமிழிற் ‘பாவை’ என்னுஞ் சொல் பல பொருளுடையது. பொம்மையும் பாவை, அழகிய பெண்ணும் பாவை, கண்ணின் கருமணியுட் காணும் உருவும் பாவை. உயிரற்றது, உயிருள்ளது, உயிருள்ளதன் கண்ணுள் நிழலாய்த் தோன்றுவது ஆகிய மூன்றையும் ஒரு சொல்லாற் சுட்டிய நம் முன்னோர், உயிருக்கும் உயிர்ப்போலிக்கும் இடையேயுள்ள எல்லை எத்துணை மெல்லியதென்பதை நன்குணர்ந்திருந்தனர் போலும். கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருடையது போன்று நம்மை மயக்குதலைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டமை கற்றோர் யாவரும் அறிந்ததே.

மரப்பாவையில் அம்மயக்கத்தை விளைப்பது கயிறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொலைக்காட்சியோடு வளர்ந்த நுரைப்பஞ்சுப் பாவையில் அதனை விளைப்பது பெரும்பாலும் துணியே. மெத்தைக்கும் நாற்காலிக்கும் இடுகின்ற ‘ஸ்பொஞ்சு’ என்னும் நுரைப்பஞ்சைக் கத்தரித்துத் தலையும் உடலுமாக அமைத்து, அதன்மேல் ஏற்ற துணியைத் தெரிந்து பொருத்துதல் சிறுவர் விளையாட்டுப்போலத் தோன்றும். தோன்றினும், அதனுள் அமைந்த நெறிகள் பல. அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

ஆடையும் தோலும்

அம்பலாங்கொடையிலே சிங்களக் கலைஞர் ஆட்டுகின்ற ‘ரூகட’ நூற்பாவைகளை நம்மவர் பலர் கண்டிருத்தல் கூடும். 2018 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் அக்கலையைச் சேர்த்துக்கொண்டது. அப்பாவைக்கு முகத்தை மரத்திற் செதுக்கி, வண்ணந் தீட்டி, அதன் பின்னரே ஆடை உடுத்துவர். அங்கே துணி உடை மாத்திரமே. உடையை மாற்றினும் அரசன் முகம் அரசன் முகமாகவே இருக்கும்.

நுரைப்பஞ்சுப் பாவையின் நிலை வேறு. அதற்கு முகமே துணிதான். ஆட்டுவோனது கை பாவையின் தலையினுள்ளே புகுந்திருக்கும். நான்கு விரலும் மேற்றாடையிலும், பெருவிரல் கீழ்த்தாடையிலும் பொருந்தும். விரல் மடங்க வாய் மடங்கும். வாய் மடங்கக் கன்னஞ் சுருங்கும். கன்னஞ் சுருங்கக் கண்ணின் நோக்கும் மாறியதுபோலத் தோன்றும். இவ்வசைவுகளுக்குத் துணி இடங்கொடுப்பின் பாவை பேசும். கொடாதாயின், பெட்டியின் மூடியைத் திறந்து மூடுவதுபோல வாயைத் திறந்து மூடுமேயன்றிப் பேசாது. ஆகலின் இத்துணியை ஆடையென எண்ணித் தெரிதல் பிழை. தோலென எண்ணித் தெரிதல் வேண்டும். இக்கலையின் ஏனை விதிகள் யாவும் இவ்வொரு விதியிலிருந்தே பிறப்பன.

தாயின் பழைய மேலங்கி

இவ்வகைப் பாவைகளுக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்தவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் ஹென்சன் என்பவர். 1955 ஆம் ஆண்டில் வாஷிங்ரன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் ‘சாமும் நண்பர்களும்’ என்னும் சிறு நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அந்நிகழ்ச்சிக்காகத் தம் தாயார் உடுத்துக் கழித்த மேலங்கி ஒன்றை வெட்டி ஒரு பாவை தைத்தார். மேசைப்பந்து ஒன்றை இரண்டாகப் பிளந்து கண்களாக அமைத்தார். அதுவே பின்னாளிற் பச்சைத் தவளையாகி உலகச் சிறுவரெல்லாம் அறிந்த ‘கேர்மிற்’. அக்காலத்தில் அது தவளையுமன்று. அதன் நிறம் இன்று நாம் காணும் பச்சையுமன்று. மேலங்கியின் வெளிறிய நீலப்பச்சையே அதன் நிறம்.

ஹென்சன் மரத்தை விடுத்து மென்பொருள்களை நாடியதற்குக் காரணம் உண்டு. அரங்கில் ஆடும் பாவையைப் பார்ப்போர் தொலைவிலிருந்து பார்ப்பர். தொலைக்காட்சிக் கமராவோ பாவையின் முகத்தருகே வந்து நிற்கும். செதுக்கிய முகம் ஒரு மெய்ப்பாட்டையே என்றும் காட்டி நிற்குமாதலின், அண்மையில் அது உயிரற்றதெனப் புலப்பட்டுவிடும். கையின் சிறு அசைவுக்கும் மாறுகின்ற மென்முகமே அங்கு வேண்டற்பாலது. அண்மையில் வந்த அக்கமரா வேறொரு தொல்லையையும் உடன் கொணர்ந்தது. ஒவ்வொரு தையலும் வெளிப்படத் தெரிந்தது. இவ்விரண்டிற்கும் விடை காணும் முயற்சியிலேதான் இக்கலை வளர்ந்தது.

துணி தெரிதல்

துணியைத் தெரியுங்கால் நோக்கத்தக்க பண்புகள் மூன்று: நெகிழ்வு, மயிர், நிறம்.

பாவும் ஊடையுமாக நெய்த துணி, குறுக்கு மூலையாக இழுத்தாலன்றி நெகிழாது. அதனை உருண்டைத் தலைமேற் போர்த்தினால் மடிப்பு விழும். வாயைத் திறந்தால் இழுத்துப் பிடிக்கும். பின்னற்றுணி அவ்வாறன்று. பனியன் துணிபோல இழுத்த பக்கம் நீண்டு, விட்டவுடன் மீளும். துணியை இரு கையாலும் பிடித்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்துப் பார்த்தல் முதற் சோதனை. பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக நெகிழும். உருவத்தின் வளைவு எப்பக்கம் மிகுதியோ அப்பக்கமாக அந்நெகிழ்வு செல்லுமாறு வெட்டுதல் வேண்டும்.

இரண்டாவது மயிர். பளபளக்கும் துணி விளக்கொளியைத் திருப்பி வீசும். அதனால் முகம் கண்ணாடிபோலாகும். மேற்பரப்பில் நுண்ணிய மயிர் எழுந்த துணி ஒளியைச் சிதறச்செய்து தோலின் மென்மையைத் தரும்; தையலையும் தன்னுள் மறைத்துக்கொள்ளும். ஹென்சனின் பட்டறையினர் விரும்பிக் கையாண்ட ‘அன்ட்ரோன் பிளீஸ்’ என்பது இத்தகைய நைலோன் துணியே.

மூன்றாவது நிறம். நைலோன் சாயத்தை எளிதில் ஏற்கும். ஆகலின் வெள்ளைத் துணியை வாங்கி, வேண்டிய நிறத்தைத் தாமே ஏற்றுதல் அப்பட்டறை வழக்கம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொலியெஸ்ரர்த் துணி அத்துணை எளிதிற் சாயம் ஏலாது. அதனை வாங்குவோர் நிறம் பார்த்தே வாங்குதல் நன்று. நிறம் பாவையின் குணத்தையே மாற்றவல்லது. 1969 இல் நியூயோர்க்கிலே தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியிற் குப்பைத் தொட்டியில் வாழும் ஒஸ்கார் முதலாண்டிற் செம்மஞ்சள் நிறத்தினன். அடுத்த ஆண்டிற் பச்சையாக்கப்பட்டான். அவனது சிடுசிடுப்புக்கு இன்று பச்சையல்லாத வேறு நிறத்தை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

அளவெடுத்தலும் ஒட்டுதலும்

நுரைப்பஞ்சு உருவத்தின்மேல் துணியை நேரே சுற்றி வெட்டுதல் ஆகாது. முதலில் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் உருவத்தைப் போர்த்து, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டுவர். தையல் எவ்வழியே செல்லவேண்டுமென்பதை அதன்மேற் கோடாக வரைவர். பின் அக்கோட்டின் வழியே அறுத்தெடுத்து மட்டமாக விரிப்பர். விரிய மறுக்கும் வளைவுகளில் ஆப்பு வடிவாக வெட்டு இடுவர். அதனைத் தாளில் வரைந்துகொண்டால் அதுவே வெட்டுப்படிவம். முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் படிவம் எடுத்து மறுபாதிக்கு அதனையே புரட்டி வைத்தல் சிறந்தது. இருபுறமும் ஒத்து அமையும். துணி நெகிழுமாதலின் படிவத்தைச் சற்றுக் குறுக்கிக்கொள்ளலும் உண்டு.

புதியவர் பெரும்பாலும் தவறுமிடம் பசையே. நுரைப்பஞ்சு முழுவதும் பசை பூசித் துணியை அழுத்திவிட்டால் பசை உலர்ந்து ஓடுபோலாகும். தோலென எண்ணிய துணி பலகையாகிவிடும். வாயின் விளிம்பு, கழுத்து முதலிய சில இடங்களில் மட்டும் பசையிட்டு, ஏனைய இடங்களில் துணி தன் நெகிழ்வாலேயே பற்றி நிற்க விடுதல் முறை. வாயின் இரு மூலையிலும் துணியைச் சற்றுத் தளர்வாக விடுதல் இன்றியமையாதது. வாயை முழுவதும் திறந்து வைத்தே அவ்விடத்தை ஒட்டுதல் வேண்டும். மூடி வைத்து ஒட்டிய வாய் பின்னர் முழுதாகத் திறவாது.

புணர்ச்சி விதி

இனித் தையல். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் இயல்பாகப் புணர்தலும் உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரத்தாற் புணர்தலும் உண்டு. எவ்வாறு புணரினும் கேட்போன் செவியில் இடைவெளி தோன்றலாகாது. துணியின் புணர்ச்சியும் இத்தகையதே.

1962 இல் ரோல்ஃப் என்னும் நாய்ப்பாவையை அமைத்த டொன் சாலின் என்னுங் கைவினைஞர், தையலை மறைக்கும் ஒரு முறையை வகுத்தார். அது ‘ஹென்சன் தையல்’ என்றே இன்று வழங்குகின்றது. தையலின்மேல் மயிரே படிந்து மூடுமாறு செய்தல் அதன் சாரம். இதனைப் பின்பற்றுவோர் இரு துணி விளிம்பையும் எதிரெதிரே வைத்து, ஊசியைத் துணியின் முகத்திற் செலுத்தாது அதன் தடிப்பினுட் செலுத்தி, இருமருங்கும் மாறி மாறி எடுத்து நூலை இறுக்குவர். அதன்பின் ஊசிமுனையால் மயிரைக் கிளறிவிட, தையல் இருந்த இடம் தெரியாது மறையும். இஃது இயல்பு புணர்ச்சி.

நீண்ட மயிருடைய உரோமத்துணிக்கு விகாரம் வேண்டும். அதனைக் கத்தரிக்கோலால் வெட்டின் மயிரும் அறுந்து, தையலோரம் மொட்டையாகும். பின்புறம் திருப்பி, அடித்துணியை மட்டும் கூரிய அலகாற் கீறிப் பிரித்தல் வேண்டும். தையலுக்குள் அகப்படும் ஓர மயிரை முன்னரே களைந்துவிடுதல் ‘கெடுதல்’ போல்வது. மயிர் சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒத்திருத்தற்குப் படிவத்தில் அம்புக்குறி இடுவர். ஒரு துண்டு தலைகீழாயினும் நிறமே வேறுபட்டதுபோலத் தோன்றும்.

எவ்வாற்றானும் மறையாத தையலை மறைக்க வேறொன்றைப் படைத்தலும் ஒரு திறமே. கேர்மிற்றின் கழுத்தைச் சூழ்ந்துள்ள கூர்நுனிக் கழுத்துப்பட்டி அழகுக்கு மட்டுமன்றி, தலையும் உடலும் கூடுமிடத்தை மறைத்தற்கும் உதவுகின்றது.

அழிவதும் நிலைப்பதும்

இத்துணை முயன்று அமைத்த பாவைக்கும் முடிவு உண்டு. நுரைப்பஞ்சு பொலியூரெத்தேன் என்னும் செயற்கைப் பொருளாலானது. அதில் ஒரு வகையை ஒளியும் காற்றும் சிதைக்கும். மற்றொரு வகையை ஈரப்பதன் சிதைக்கும். முதலில் மஞ்சளாகும், பின் ஒட்டும், ஈற்றில் தொட்டவுடன் பொடியாய் உதிரும். நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் அது விரைந்து நிகழும். உள்ளிருக்கும் உடல் அழிய, மேலிருக்கும் தோல் எஞ்சும் விந்தையை இங்கே காண்கிறோம். 1955 இல் மேலங்கியால் தைத்த அம்முதற் பாவையை ஹென்சனின் துணைவியார் ஜேன் 2010 இல் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு வழங்கினார். துணியாலாயதனால் அது இன்றும் உள்ளது.

அழியும் பாவையை அழியாது காக்க வழி ஒன்றுண்டு. அது தாளில் வரைந்த வெட்டுப்படிவம். படிவம் இருப்பின் பழைய பாவை உதிர்ந்தபின்னும் அதே முகத்தைப் புதிய பஞ்சிலும் புதிய துணியிலும் மீண்டும் அமைக்கலாம். ஏடுகள் செல்லரித்து ஒடியுமுன் படியெடுத்து வைத்தோராலன்றோ நம் இலக்கியங்கள் எஞ்சின! சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து அச்சேற்றியிராவிடின் இழந்திருக்கக்கூடிய நூல்களை எண்ணுவோர், படிவத்தின் அருமையைத் தாமே உணர்வர்.

பாடசாலைகளிற் கைப்பணி கற்பிக்கும் ஆசிரியர்க்கு எம் வேண்டுகோள் இதுவே. விலையுயர்ந்த துணி வேண்டா; பழைய பனியனும் கழித்த மெத்தைப் பஞ்சும் போதும். மாணவன் ஒரு பாவையை முடித்து, கைகொட்டுப் பெற்று, அதனை மறந்துவிடுமுன், அதன் படிவத்தைத் தாளில் வரைவித்து, துணியின் நெகிழ்வுத் திசையும் மயிர்ச் சாய்வும் குறிப்பித்து, அவன் பெயரிட்டு ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டின் பின் வேறொரு மாணவன் அவ்வுறையைத் திறந்து அதே பாவையைப் பேசவைப்பான்.