பொண்ணு பிளஸ்-2... அம்மா பி.ஏ.! ‘கரஸ்’ல சேரும் முன் இதைப் பாத்துக்கங்க

மதுரை: “பொண்ணு காலேஜ் போற வயசுல உனக்கு எதுக்குத்தா படிப்பு?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் அஞ்சல் வழியில் படிக்கப் போன அம்மாக்கள் மதுரையில் ரொம்ப குறைவு.

கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். படிக்கிறவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு, வேலைக்குப் போய் வந்து, ராத்திரி அடுப்பைத் துடைத்த பிறகு புத்தகத்தைத் திறக்கும் அம்மாக்கள் உண்டு. ஆட்டோ ஓட்டிக்கொண்டே டிகிரி முடிக்கும் அப்பாக்களும் உண்டு.

ஆனால் படிப்பை விட்டு 15, 20 வருஷம் கழித்துத் திரும்ப வருகிறவர்கள் பாடத்தில் தோற்பதைவிட பேப்பரில் தோற்பதுதான் கொடுமை. மூணு வருஷம் படித்து, பீஸ் கட்டி, பாசும் ஆன பிறகு “இந்த டிகிரி செல்லாதும்மா” என்று ஒரு குமாஸ்தா சொன்னால் எப்படி இருக்கும்?

20 வயசுப் பையனுக்கு மூணு வருஷம் போனால் திரும்பப் பிடிக்கலாம். 38 வயசு அம்மாவுக்கு?

மதுரைக்குப் பழக்கமான படிப்பு

காளவாசல்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. சிக்னலில் இருந்து தேனி ரோட்டைப் பிடித்து விராட்டிபத்து, நாகமலை புதுக்கோட்டை தாண்டினால் காமராஜர் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978ல் காமராஜர் பெயரைப் பெற்றது. அங்கே 1971லேயே அஞ்சல் வழிப் படிப்பு வந்துவிட்டது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இது வந்தது 1979ல். அதனால்தான் நம்ம ஊரில் பாதி ஆபீஸ்களில் “நான் கரஸ்ல முடிச்சவன் சார்” என்று சொல்ல ஒருத்தராவது இருப்பார்.

பிறகு மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1985ல் வந்தது. அதன் மண்டல மையம் மதுரையில் அலங்காநல்லூர் ரோடு சிக்கந்தர்சாவடியில் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல் வந்தது. அதற்கும் மதுரையில் மண்டல மையம் உண்டு. டிகிரியில் சேர வயசு உச்சவரம்பு கிடையாது. 25 ஆனாலும் சரி, 55 ஆனாலும் சரி.

திண்டுக்கல் அம்மா ஐ.பி.எஸ். ஆன கதை

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு நம்ம பக்கத்து திண்டுக்கல்லில் இருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. மும்பை போலீசில் துணை கமிஷனராக இருந்த என்.அம்பிகா ஐ.பி.எஸ்.

இவருக்கு 14 வயதில் கல்யாணம். (அந்த வயதில் கல்யாணம் செய்து வைப்பது சட்டப்படி குற்றம். அது தனிக்கதை.) 18 வயதில் 2 பெண் குழந்தைகளுக்குத் தாய். கணவர் போலீஸ்காரர். உயர் அதிகாரிகளுக்குக் கணவர் சல்யூட் அடிப்பதைப் பார்த்துத்தான் இவருக்கு அந்த ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆசை வந்தபோது கையில் எஸ்.எஸ்.எல்.சி. கூட இல்லை. முதலில் 10ம் வகுப்பை எழுதினார். அடுத்து பிளஸ்-2. அதன் பிறகு அஞ்சல் வழியில் டிகிரி. பிறகு சென்னையில் தங்கிப் படித்தார். வீட்டையும் பிள்ளைகளையும் கணவர் பார்த்துக்கொண்டார். மூணு முறை தோல்வி. நாலாவது முறை, 2008ல், ஜெயித்தார்.

எல்லோரும் ஐ.பி.எஸ். ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் இந்தக் கதையில் எல்லோரும் கைதட்டிவிட்டு மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் படித்த வரிசை. 10, பிளஸ்-2, அப்புறம்தான் டிகிரி. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை.

‘நேரடி டிகிரி’ வாங்கினால் என்ன ஆகும்?

ஒரு காலத்தில் பிளஸ்-2 இல்லாமலேயே, 18 வயசு முடிந்தால் போதும் என்று திறந்தநிலை முறையில் டிகிரி கொடுத்தார்கள். டிகிரியே இல்லாமல் நேராக எம்.ஏ.வும் கொடுத்தார்கள். கூட்டம் அலைமோதியது.

2009 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதில் ஒரு போடு போட்டது. டிகிரி படிக்காமல் திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ. வாங்கிய ஒருவர், அரசு நிறுவனம் ஒன்றின் முதல்வர் பதவிக்கு வந்தது பற்றிய வழக்கு அது. அடிப்படை டிகிரி இல்லாத எம்.ஏ.வை ஏற்க முடியாது என்று தீர்ப்பானது.

அதே ஆண்டு ஆகஸ்டு 18ந் தேதி தமிழக அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. அரசு வேலை என்றால் 10ம் வகுப்பு, பிளஸ்-2 முடித்த பிறகு வாங்கிய 3 வருஷ டிகிரிதான் கணக்கில் வரும் என்பதே அதன் சாரம். ‘10+2+3’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனி ஆணைகள் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு அம்மாவுக்கு வயசு 36. படிப்பு பத்தாவது. சீட்டுப் பணத்தை எடுத்து ‘நேரடி டிகிரி’யில் சேருகிறார். 39 வயதில் டிகிரி வாங்கி டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 எழுதுகிறார். பாசும் ஆகிறார். சான்றிதழ் சரிபார்ப்பில் பிளஸ்-2 எங்கே என்று கேட்கிறார்கள். இனி போய் பிளஸ்-2 எழுதினாலும் பழைய டிகிரிக்கு உயிர் வராது. வரிசை மாறிவிட்டதே! பிளஸ்-2 எழுதி, மறுபடி டிகிரி முடிக்க வயசு 44 ஆகிவிடும்.

முதலிலேயே பிளஸ்-2வில் இருந்து ஆரம்பித்திருந்தால் 41ல் முடிந்திருக்கும். படியைத் தாண்டியதால் போனது மூணு வருஷம், கூடவே சீட்டுப் பணம்.

பத்தாவது, பிளஸ்-2 இரண்டையும் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் வாங்குகிறது. ‘ரெண்டு பேப்பர்தான் பாக்கி’ என்று 20 வருஷம் முன்பு விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்த பாடப்புத்தகம் இப்போது இல்லை. 1200 மார்க்காக இருந்த பிளஸ்-2வும் 600 ஆகிவிட்டது. மகனோ மகளோ படித்து வைத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வெட்கப்பட வேண்டாம்.

44 வயதில் அரசு வேலையா?

முடியும். குரூப்-2வில் பெரும்பாலான பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், எந்தச் சாதியானாலும் ஆதரவற்ற விதவைகளுக்கும் வயது உச்சவரம்பு கிடையாது. தமிழக அரசில் ஓய்வு வயது 60. 44ல் சேர்ந்தாலும் 16 வருஷம் வேலை பார்க்கலாம்.

தனியார் கம்பெனியில் இந்த வரிசையை யாரும் துருவிப் பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நாளைக்கு எந்தக் கதவைத் தட்டுவோம் என்று இன்றைக்கே தெரியாதே.

‘அஞ்சல் வழி டிகிரி மட்டமானது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ வாங்கிய டிகிரி, காலேஜ் போய் வாங்கிய டிகிரிக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது.

போர்டை நம்பாதீங்க... உஷார்!

‘ஒரே வருஷத்தில் டிகிரி’, ‘ஒன் சிட்டிங்’ என்று கரண்டு கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் பக்கத்திலேயே போக வேண்டாம். 3 வருஷ டிகிரியை ஒரு வருஷத்தில் கொடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அஞ்சல் வழிக்கு அனுமதி கொடுப்பது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு. சுருக்கமாக டி.இ.பி. என்பார்கள். இதன் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த ஆண்டுக்கு, எந்தெந்தப் பாடத்துக்கு அனுமதி என்று பட்டியல் இருக்கிறது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடமும் இருக்க வேண்டும். நீங்கள் சேரும் ஆண்டும் இருக்க வேண்டும்.

பழைய, பெரிய பல்கலைக்கழகம் என்றால் பயமில்லை என்று நினைக்க முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிப் படிப்புக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று யு.ஜி.சி. 2022 மார்ச்சில் பொது அறிவிப்பே வெளியிட்டது. எத்தனை வீட்டில் அன்றைக்கு சாப்பாடு இறங்கியிருக்காது!

வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘சென்டர்’ என்று ஒரு மாடி ரூமில் பீஸ் வாங்கினால் இன்னும் உஷாராக வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துக்கு வெளியே அஞ்சல் வழிப் படிப்பு நடத்தக் கூடாது. கமிஷனுக்குத் தனியாரிடம் சென்டர் கொடுப்பதற்கும் தடை இருக்கிறது. பீசை பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே கட்டுவதுதான் நல்லது. ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும்.

எல்லாப் படிப்பும் அஞ்சலில் கிடைக்காது. என்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, வக்கீல் படிப்பு கிடையாது. 2025 முதல் சைக்காலஜிக்கும், மருத்துவம் சார்ந்த சில படிப்புகளுக்கும் தடை வந்துவிட்டது. டீச்சர் ஆசை உள்ளவர்கள் கவனிக்கவும். ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அஞ்சல் வழி பி.எட். உண்டு. டிகிரி முடித்த கையோடு எல்லோரும் சேர முடியாது.

இன்னொன்று. ‘புதுமைப்பெண்’ திட்டத்தில் மாதம் ரூ.1000 கிடைக்கும் என்று சில அம்மாக்கள் நினைக்கிறார்கள். அது ரெகுலர் காலேஜில் படிக்கும் மாணவிகளுக்கு மட்டும். அஞ்சல் வழிக்குக் கிடையாது.

இனிஷியல் தகராறு

கல்யாணம் ஆன பெண்களுக்கு என்றே ஒரு தலைவலி இருக்கிறது. பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு விதம். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

காரணம் இதுதான். 2024ல் இருந்து அஞ்சல் வழியில் சேர ‘டி.இ.பி. ஐடி’ என்ற நம்பர் கட்டாயம். அதற்கு முன் மார்க் கணக்கு வைக்கும் ‘ஏ.பி.சி. ஐடி’ எடுக்க வேண்டும். அது ஆதாரை வைத்து வருகிறது. ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் அங்கேயே சிக்கல் ஆரம்பமாகிறது.

சான்றிதழில் உள்ள பெயருக்கு ஏற்ப ஆதாரைத் திருத்திக்கொள்வதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுசுக்கு 2 முறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் தப்பாக டைப் செய்ய விட்டுவிடாதீர்கள். மார்க் ஷீட்டைக் கையில் கொண்டுபோய், எழுத்து எழுத்தாகக் காட்டி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்த பிறகு ‘சரி’ சொல்லுங்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழில் வெளியிட்ட நகலைச் சேர்த்து வைக்க வேண்டும். மார்க் ஷீட்டே தொலைந்துவிட்டது என்றால் கடைசியாகப் படித்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரை முதலில் போய்ப் பாருங்கள்.

படிப்பு எப்படி நடக்கும்?

புத்தகம் கொடுப்பார்கள். நேர்முக வகுப்பு பெரும்பாலும் லீவு நாளில் இருக்கும். அசைன்மென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு 30 சதவீதம் வரை மார்க் உண்டு. மீதி பரீட்சையில். அசைன்மென்ட்தானே என்று விட்டவர்கள் பரீட்சையில் நன்றாக எழுதியும் தவித்திருக்கிறார்கள். பரீட்சை தேதி வந்ததும் கடையில் முன்கூட்டியே லீவு சொல்லி வையுங்கள். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே மாதத்தில் பரீட்சை வந்தால், அந்த மாதம் வீட்டுக்காரர் உலை வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வருஷத்துக்கு 2 முறை சேர்க்கை உண்டு. ஜூலை-ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி-பிப்ரவரியில் ஒன்று. “இன்னைக்கே கடைசி நாள்க்கா, இப்பவே பணம் கட்டுங்க” என்று போனில் யாராவது அவசரப்படுத்தினால், கடைசி தேதி என்ன என்று யு.ஜி.சி. அறிவிப்பில் பார்த்துவிட்டு மணிபர்சைத் திறங்கள். இந்த முறை விட்டால் ஆறு மாதத்தில் அடுத்தது வந்துவிடும்.