ஒரு கிராம் என்ன விலை?

2021 டிசம்பரில் சென்னை மணலியில் ஒருவர் தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காகப் பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது. பிரித்து எண்ணினால் 15. அவர் விடவில்லை, வழக்கு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனது. நாங்கள் எண்ணிக்கைக்கு விற்பதில்லை, எடைக்குத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். சரி, எடையையே பார்த்துவிடுவோம் என்றால், உறையில் இருந்தது 76 கிராம், தராசு காட்டியது 74. வாங்கியவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023-இல் ஆணையம் உத்தரவிட்டது. ஒற்றை பிஸ்கட்டுக்கு ஒரு லட்சமா என்று பலரும் வியந்தார்கள். எண்ணிப் பார்த்த அந்த மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வழக்கு வென்றதற்குக் காரணம், உறையில் இருந்ததும் உள்ளே இருந்ததும் வேறு வேறாக இருந்ததுதான். நம் வீட்டு மளிகைச் செலவை அன்றாடம் ஏற்றிவிடுவது இப்படிப்பட்ட தவறு இல்லை. உறையில் 74 கிராம் என்றே நேர்மையாக அச்சிட்டு, விலையை மட்டும் பழையபடி வைத்துவிட்டால் எந்த ஆணையத்திலும் வழக்குப் போட முடியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது வாங்குபவரின் கண்தான். அந்தக் கண்ணுக்கு உதவ சட்டம் உறையிலேயே ஒரு வரியைக் கொடுத்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் படிக்காமல் விடும் வரி அது.

அந்த வரி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. பிஸ்கட், ரொட்டி, டீத்தூள், காப்பித்தூள், சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைத்து விற்க வேண்டும் என்று அது சொன்னது. அளவு ஒன்றாக இருந்ததால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதுமானதாக இருந்தது. 2021-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. எந்த அளவிலும் அடைக்கும் சுதந்திரம் தயாரிப்பவருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக நமக்குக் கிடைத்தது அலகு விலை: ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதை எம்.ஆர்.பி.யோடு சேர்த்து அச்சிட வேண்டும், ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோ விலையைப் போட வேண்டும் என்ற விதி. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு மட்டுமே. பொருள் மலிவா, விலை அதிகமா என்று அது சொல்வதில்லை.

சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய். பார்வைக்கு அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம் பாக்கெட் 142 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதைத்தான் கை எடுக்கும். கணக்குப் போட்டால் முதலாவது கிலோ 164 ரூபாய் 84 பைசா, இரண்டாவது 167 ரூபாய் 6 பைசா. எண்ணெயில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 892.6 கிராம்தான் இருக்கும். சில நிறுவனங்கள் 60 டிகிரி என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, ‘ஒரு லிட்டர்’ என்ற பெயரில் 26 கிராம் குறைவாக அடைத்து விற்க இது வழி விட்டது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், அளவோடு எடையையும் சரியாகப் போடுங்கள் என்று 2022-இல் மத்திய அரசே எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

எடை குறைப்பைக் குறை சொன்னால் அதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தினக்கூலிக்காரர் கையில் அன்று இருப்பது ஐந்து ரூபாய், பத்து ரூபாய். மூலப்பொருள் விலை ஏறும்போது ஐந்து ரூபாய் பாக்கெட்டை ஆறு ரூபாயாக்குவதைவிட, இரண்டு கிராம் குறைத்து அதே விலையில் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவிதானே என்று கேட்பார்கள். சிறு பாக்கெட் ஏழைகளுக்கு உதவியது உண்மை. அந்தப் புரட்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவர், ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்ற நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். இன்றும் பல ஷாம்புகளில் ஒரு மில்லி விலை பெரிய புட்டியைவிட சாஷேயில்தான் குறைவு. பெரிதாக வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் சரியில்லை என்பதற்கு இதுவே சாட்சி. நான் சிறு பாக்கெட்டுக்கோ எடை குறைப்புக்கோ தடை கேட்கவில்லை. குறைத்ததைச் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும் என்கிறேன். செலவு ஏறும்போது குறையும் எடை, செலவு இறங்கும்போது ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் ஷாம்புவுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை ஐந்து ரூபாயாகவே இருந்து, பயன் முழுவதும் வாங்குபவருக்கு வந்து சேர வேண்டுமானால், 50 கிராம் பாக்கெட் ஏறத்தாழ 56 கிராம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாக்கெட்டில் ஆகியிருக்கிறதா? பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாம்தான் உறையில் அச்சிட்டிருக்கிறதே, படிக்காதது வாங்குபவரின் குற்றம்தானே என்பது இன்னொரு வாதம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தோடும் விலையோடும் அளவையும் அறியும் உரிமையைத் தருகிறது. மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பொடி எழுத்து அந்த உரிமையை நிறைவேற்றியதாகாது. விதியிலும் ஓட்டைகள் இருக்கின்றன. அரைக்கிலோ பாக்கெட்டில் கிராம் விலை, இரண்டு கிலோ பாக்கெட்டில் கிலோ விலை என்றால், கடையில் நின்றபடி ஆயிரத்தால் பெருக்க எத்தனை பேரால் முடியும்? கிராம் விலையைப் பைசாவில் முழுமையாக்கிவிட்டால் சிறு வித்தியாசங்களும் மறைந்துபோகும். 10 கிராம், 10 மில்லிக்கு உட்பட்ட பாக்கெட்டுகளுக்குப் பொதுவாக இந்த விதிகளே இல்லை. ஏழைகள் அதிகம் வாங்குவதோ அவற்றைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-இலிருந்தே கடையில் விலையோடு அலகு விலையையும் காட்ட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. பிரான்சில் 2024 ஜூலை முதல், எடை குறைந்து கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்திலேயே பெரிய கடைகள் அதை அறிவித்து வைக்க வேண்டும். நம் சூப்பர் மார்க்கெட்டுகளில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று முழ நீள எழுத்தில் ஒட்டுகிறார்கள். கிலோ விலையையும் அதே அலமாரியில் ஒட்ட இடம் இல்லாமலா போய்விடும்?

அந்த மாற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதச் சாமானில் எண்ணெய், பருப்பு, சோப்பு, டீத்தூள் என்று அதிகம் செலவாகும் நான்கைந்து பொருள்களுக்கு மட்டும் கிலோ விலையைப் பாருங்கள். உறையில் அலகு விலை இல்லை, எடை குறைகிறது, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குகிறார்கள் என்றால் தமிழ்நாட்டில் அதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் துறை. மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இழப்பீடு கேட்க வேண்டுமானால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில்லையும் பிரித்த உறையையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.