தனியறையில் இரு துணைகள்

குருதிப் புற்றுநோய் கொண்டோர் சிலருக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அந்நாள்களில் அவர்தம் உள்ளத்துக்குத் துணையாவன இரண்டனைப் பற்றிக் கூற விழைகிறேன்.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே குருதியணுக்களின் பிறப்பிடம். அதிலுள்ள மூல அணுக்களே குருத்தணுக்கள். களை மண்டிய வயலை உழுது, பின்னர் உழவன் நாற்று நடுகிறான் அல்லவா? அதுபோல, கடுமையான மருந்தினாலும் சிலபோது கதிர்வீச்சினாலும் நோயுற்ற அணுக்களை அழித்தபின், நோயாளியிடமே முன்னர் எடுத்துவைத்த அல்லது பிறர் ஈந்த குருத்தணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துவர். அவை மஜ்ஜையை அடைந்து வேர்பிடிக்கப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் ஆகும். இத்துறையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1990-இல் நோபெல் பரிசு பெற்றார்.

வேர்பிடிக்கும்வரை வெள்ளணுக்கள் குன்றியிருக்கும். சிறு கிருமியும் உயிருக்குக் கேடு. ஆதலின் நோயாளி தனியறையில் இருத்தப்படுகிறார். வாய்ப்புண்ணும் குமட்டலும் உறக்கமின்மையும் உடலை வருத்த, "அணுக்கள் வேர்பிடிக்குமா?" என்னும் ஐயம் உள்ளத்தை அரிக்கும்.

முதல் துணை இசை. வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டுச் செல்வது இசைச் சிகிச்சை ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர், தூய்மை செய்த கருவியுடன் அருகமர்ந்து, நோயாளி விரும்பும் பாடலை அவருடைய மனநிலைக்கேற்பத் தொடங்கி, சிறிது சிறிதாகத் தாளத்தைத் தளர்த்துவார். நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தார், தம் அணுக்களையே திரும்பப் பெற்ற 69 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. இசை பெற்றோரிடம் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்த அளவு, பெறாதோரினும் 28 விழுக்காடு குறைந்திருந்தது.

இரண்டாவது துணை விழிப்புணர்வுப் பயிற்சி. ஜான் கபாட்-சின் என்பார் பௌத்தத் தியான மரபினின்று இதனை எடுத்து, 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் பயிற்றத் தொடங்கினார். மூச்சைக் கவனித்தல், எண்ணம் விலகி ஓடினால் கடிந்துகொள்ளாது மீட்டல். இவ்வளவே பயிற்சி.

ஆனால், "கவனி" என்று சொன்ன அளவில் கவனம் வந்துவிடாது என்பதனை வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நான் நன்கறிவேன். மனம் பற்றுவதற்கு ஒரு பொருள் வேண்டும். களைத்த நோயாளிக்கு இசை அப்பொருளாகிறது. ஒரு சுரம் எழுந்து, நீண்டு, அடங்கும்வரை செவி அதனைத் தொடர்கிறது. அச்சமும் அவ்வாறே எழுந்து அடங்குவதனை அவர் மெல்லக் காணப் பழகுகிறார். இரண்டையும் இணைப்பதன் பயன் இதுவே.

இவை புற்றுநோயைத் தீர்க்கும் என்று எவரேனும் கூறின் நம்பாதீர்கள். நோயைத் தீர்க்க முயல்வது மருத்துவம். அம்மருத்துவத்தைத் தாங்கி நிற்க நோயாளிக்கு இவை கைகொடுக்கின்றன. உயிரியலும் இசையும் ஒருங்கே பயில்வோர்க்கு இத்துறையில் நற்பணி காத்திருக்கிறது.