வடகடல் பாசி, தென்கடல் பாசி

பூலாம்பாடிக்காரர்களிடம் கடல் பாசி என்றால், சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் தெளிக்கிற பழுப்பு நீர்தான் நினைவுக்கு வரும். பச்சைமலைப் பக்கத்து ஊரில் கடலுக்கு என்ன வேலை? ஆனால் கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேயே பாசி இருக்கிறது. நின்னியூர்ப் படிவங்களில் கிடைத்த பாசிப் புதைபடிவங்களைப் பற்றி எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936இலேயே எழுதிவிட்டார்கள். கடல் பின்வாங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன.

உயிருள்ள பாசிக்குப் பாம்பன் பக்கத்து மண்டபம் போக வேண்டும். அங்கே பெண்கள் மூழ்கி எடுப்பது மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. அகர் எடுக்கவும் ஆல்ஜினேட் எடுக்கவும் எடை போட்டு விற்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பை எந்த வியாபாரியும் கேட்பதில்லை. கேட்க அதிகம் இல்லைதான்: நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், உலர்ந்த பாசியிலோ பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு. பாசியைச் செக்கில் ஆட்டிப் பிழைக்க முடியாது.

ஆனால் அந்தக் கொஞ்சத்தின் தரம் வேறு. பாவ்நகர் உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தார் 27 வகைப் பாசிகளைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பச்சைப் பாசிகளில் 18 கரிம அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் தூக்கல். சிவப்பில் 20 அணுக்கள் கொண்டவை. மீன் எண்ணெயில் நாம் தேடும் ஒமேகா-3 வகையில் ஒன்று இந்த இருபதுக்காரர்களில் சேர்ந்தது.

இனம் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்கும், கடலையெண்ணெய் ஓடும். காரணம், கடலையெண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அதிகம். நீர் குளிர்ந்தால் பாசியின் செல் சவ்வும் இறுகப் பார்க்கும். இறுகாமலிருக்கப் பாசி அத்தகைய கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் அதற்கு அவ்வளவு தேவையில்லை.

குஜராத்தின் ஓகாவில் குளிர்காலக் கடல் நன்றாகவே குளிரும். மண்டபத்தில் அப்படிக் குளிராது. ஓகாவில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குவதால் பாறைப் பாசி மணிக்கணக்கில் வெயிலில் காயும். மண்டபத்தில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது.

வேறுபாடு பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, மீனவர் சொல்லில் வடகடல்: ஆழம் குறைவு, சேறு மிகுதி, வாடைக்காற்றில் கொந்தளிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல்: பவளப் பாறைகள், கச்சான் வீசும் மாதங்களில் சீற்றம். கலங்கிய நீரில் வெளிச்சம் குறையும். உப்பும் நைட்ரஜனும் காற்றின் பருவத்தோடு ஏறி இறங்கும். இவை ஒவ்வொன்றும் கொழுப்பின் கலவையை அசைக்கக்கூடியவை. ஆகவே கஞ்சிப் பாசியில் இன்ன சத்து இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொன்னால், எந்தக் கடல், எந்த மாதம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பூலாம்பாடி வெங்காய வயலுக்கு இந்தக் கேள்வி பெரிதில்லை. அந்தப் பழுப்பு நீரில் பயிர் தேடுவது பொட்டாசியத்தையும் வளர்ச்சி ஊக்கிகளையும்தான். அதே பாசி பொடியாகி, சத்துணவென்று சாப்பாட்டு மேசைக்கு வரும்போது, கரையின் பெயரும் அறுத்த மாதமும் டப்பாவில் இருந்தாக வேண்டும்.