மழைக்கு முன் பேச வேண்டிய தொழில்

இரத்மலானையில் பனி பெய்வதில்லை. ஆனாலும் புல்வெட்டும் தொழிலுக்கு இங்கேயும் ஓய்ந்த காலம் ஒன்று இருக்கிறது. கொழும்பிலும் அதன் தென்புற நகரங்களிலும் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. ஆனால் அது எல்லா மாதங்களிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்திலும், இடைப்பருவ மழை பெய்யும் ஒக்டோபர், நவம்பரிலும் சராசரி 300 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் 100ஐக்கூடத் தொடுவதில்லை. மண் காய்ந்ததும் புல்லின் வளர்ச்சி மந்தமாகிவிடும். வீட்டுக்காரர் அழைப்பது குறையும். தோளில் மாட்டும் புல்வெட்டு இயந்திரம் மூலைக்குப் போகும். அதை நம்பியிருப்பவர் மேசன் வேலையோ பெயின்ற் வேலையோ தேடிப் போவார். மழை திரும்பியதும் அத்திடியவிலிருந்து கல்கிசை வரை எல்லா வளவுக்கும் ஒரே கிழமையில் ஆள் தேவைப்படும். அந்தக் கிழமையில் விளம்பரத்துக்கு அவசியமே இல்லை. ஆகவே இந்தத் தொழில் வாடிக்கையாளரோடு பேச வேண்டிய காலம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். அப்போது விற்க வேண்டியதும் ஒருநாள் வெட்டுக்கூலி அல்ல, ஒரு வளவை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

குளிர்நாடுகளில் இந்தப் பாடம் எப்போதோ கற்கப்பட்டுவிட்டது. நம்மவர்கள் பெருமளவில் குடியேறிய ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் புல்வெளி உறங்கிவிடும். அங்குள்ள பல நிறுவனங்கள் அதே வாகனத்தோடும் அதே ஆட்களோடும் வாகனப்பாதைகளில் பனி அகற்றப் போகின்றன. கூடவே, அடுத்த கோடைக்கான ஒப்பந்தத்தைக் குளிர்காலத்திலேயே புதுப்பித்து, முன்கூட்டிப் பணம் கட்டுவோருக்குக் கழிவும் கொடுக்கின்றன. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பனி அகற்றும் வேலையை அல்ல, அந்தக் கால ஒழுங்கை. வாடிக்கையாளருக்கு அவசரம் இல்லாத மாதத்தில்தான் நிதானமாகப் பேசவும், விலையை விளக்கவும், நம்பிக்கை பெறவும் முடியும். அங்கே குளிர்காலத்தில் புல்லுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இங்கே வறண்ட மாதங்களிலும் வளவு உயிரோடு இருக்கிறது. அதற்குச் செய்ய உண்மையான வேலையும் இருக்கிறது.

அந்த வேலைகளைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். கொழும்புப் பகுதி வீடுகளில் பரவலாகப் பதிக்கப்படும் மலேசியன் புல் அகன்ற இலையும் ஆழமில்லாத வேரும் கொண்டது. ஈரத்தையும் நிழலையும் விரும்பும் இந்தப் புல் வறட்சியில் சீக்கிரம் பழுத்துவிடும். வெயில் மாதங்களில் அதை ஒட்ட வெட்டக் கூடாது. எந்த வெட்டிலும் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காமலிருப்பது உலகெங்கும் புல்வெளிப் பராமரிப்பில் பின்பற்றப்படும் விதி. வெட்டிய துண்டுகளை மெல்லிய படையாக அங்கேயே விட்டால் தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும், ஈரமும் காயாது. மழை தொடங்கும்போது பரப்ப வேண்டிய மணலையும் கூட்டெருவையும் இப்போதே தயார் செய்யலாம். பருவக்காற்று வருமுன் கூரைமேல் சாயும் கிளைகளைத் தறிக்கலாம், பீலிகளில் அடைந்த சருகை அள்ளலாம், கானைத் துப்புரவாக்கலாம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, குப்பையைத் தரம்பிரித்துக் கொடுப்பது கண்டிப்பான நடைமுறையாயிற்று. வெட்டிய புல்லையும் சருகையும் வளவிலேயே கூட்டெருவாக்கித் தருகிறோம் என்று சொல்லக்கூடிய தொழிலாளி, வீட்டுக்காரரின் ஒரு பெரிய தொல்லையைத் தீர்க்கிறார்.

வறண்ட மாத வேலையின் அவசியத்தை எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்வது டெங்கு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேல் மாகாணமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீர் தேங்கும் பாத்திரங்களின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை விழுந்து நனைந்ததும் பொரித்து, ஒரு கிழமை முதல் பத்து நாளுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். பீலி, பழைய டயர், சிரட்டை, யோகட் கோப்பை, இளநீர்க் கோம்பை ஆகியவற்றை மழைக்குப் பிறகு தேடுவதைவிட மழைக்கு முன் அகற்றுவதே அறிவான வேலை. பாத்திரமாக இருந்தால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நுளம்பு பெருகாமல் வளவை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டு உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமை. தவறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தொடர முடியும்.

இது நோய்ப் பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புல்லை வெட்டினால் டெங்கு வராது என்று துண்டுப்பிரசுரம் அடித்தால் அது பொய். ஈடிஸ் நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை. உயர்ந்த புல்லும் பற்றையும் தண்ணீர் தேங்கும் பொருள்களை மறைக்கின்றன, வளர்ந்த நுளம்பு தங்க நிழல் தருகின்றன, அவ்வளவே. இந்த எல்லையை மறைக்காமல் சொல்லி, செய்யும் வேலையைப் பட்டியலிட்டு, செய்தபின் படம் எடுத்துக் காட்டுவது நேர்மையான விற்பனை. இந்தத் தொழிலில் நம்பிக்கைதான் முதல் என்பதால், பொய் சொல்லிப் பெற்ற வாடிக்கை முதல் மழையோடு போய்விடும்.

யாரிடம் பேசுவது என்பது அடுத்த கேள்வி. கடந்த மழைக்கு வேலை கொடுத்தவர்களின் தொலைபேசி எண்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவர்களுக்கு ஜனவரியில் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பச் செலவில்லை. இரண்டாவது வட்டம் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இரத்மலானையிலும் வீடோ காணியோ வைத்துக்கொண்டு கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் தமிழர்கள் பலர், டிசம்பர் விடுமுறைக்கு வந்து ஜனவரியில் திரும்புகிறார்கள். பூட்டிய வீட்டின் வளவு அவர்களுக்குக் கவலை. மாதம் ஒருமுறை படமும் செலவுக் கணக்கும் அனுப்பும் ஒருவருக்குப் பணம் கொடுக்க அவர்கள் தயங்க மாட்டார்கள். மூன்றாவது வட்டம் நிறுவனங்கள். விமான நிலையத்தையும் தொழிற்சாலைகளையும் பாடசாலைகளையும் ஒருங்கே கொண்ட இரத்மலானையில் பரந்த புல்தரைகளுக்குக் குறைவில்லை. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் நிறுவனங்கள் செலவுத் திட்டத்தை முடித்துவிடுமுன் அங்கே விலைமனு போயிருக்க வேண்டும். மூன்று வட்டத்துக்கும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் விலை எழுதிக் கொடுப்பது இந்த ஊருக்குப் பொருந்தும் வழி.

ஆண்டு ஒப்பந்தத்துக்கு யாரும் இணங்க மாட்டார்கள், புல் வளர்ந்தால் கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம் என்பது பலமான ஆட்சேபம். அதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. மழை மிகுந்த எட்டு மாதங்களில் மாதம் இரண்டு வெட்டு, வறண்ட நான்கு மாதங்களில் மாதம் ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு இருபது வருகைகள். அவற்றின் மொத்தக் கூலியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வீட்டுக்காரருக்கு மாதச் செலவு முன்கூட்டியே தெரியும். மே மாத நெரிசலில் அவருக்கு முதலிடமும் கிடைக்கும். தொழிலாளிக்குப் பெப்ரவரியிலும் சம்பளம் வரும். விலை ஏறினால் என்ன செய்வது என்ற அச்சமும் 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டைக் கண்டவர்களுக்கு இயல்பானதே. எரிபொருள் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் கட்டணமும் மாறும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. முழு ஆண்டுக்குத் தயங்குவோரிடம் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை ஆறு மாதம் கேட்கலாம்.

வீட்டு முற்றங்களெல்லாம் தொடர்மாடிகளாகின்றன, இந்தத் தொழிலுக்கே எதிர்காலம் ஏது என்பாரும் உண்டு. வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளுக்கு இது பொருந்தும். ஆனால் தொடர்மாடிக்கும் கான் உண்டு, மொட்டைமாடி உண்டு, பொதுமுற்றம் உண்டு, அவற்றைப் பொறுப்பேற்கும் முகாமைக் குழுவும் உண்டு. புல் குறைகிற இடத்தில் வெட்டுக்கூலியை மட்டும் நம்புகிறவரே முதலில் வேலை இழப்பார். பராமரிப்புப் பொறுப்பை விற்பவருக்கு ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக வாடிக்கையாளராகும் வாய்ப்பு உண்டு.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இயந்திரத்தைத் தோளில் சுமப்பவரின் நிலை. நாட்கூலியாக இருக்கும்வரை அவருடைய வருமானம் வானத்தைப் பார்த்தே இருக்கும். திறமை வளர்ந்தாலும் விலை வளராது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே பத்து வீடுகளின் மாதக் கட்டணத்தை உறுதி செய்துகொண்டவர் கண்ணாடியும் காலணியும் வாங்கலாம், இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம், உதவிக்கு ஓர் ஆளை நிலையாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கும் இதில் பங்குண்டு. புல் இடுப்பளவு வளர்ந்தபின் பேரம் பேசுவதை விட்டு, வெயில் மாதத்தில் வரும் செய்திக்கு மதிப்புக் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டால், மழை வருவதற்குள் அவர் வளவும் துப்புரவாகும், ஒரு குடும்பத்தின் ஆண்டும் நிலைபெறும்.