மலைநாட்டில் ஒற்றைத் தலைவலியும் அதன் மருந்துகளும்

தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு, குமட்டலும் ஒளிக்கூச்சமும் உடன்வர, நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நின்று வருத்தும் நோயை ஒற்றைத் தலைவலி என்பர். ஆயுர்வேத நூல்கள் இதனை அர்த்தாவபேதகம் எனக் குறிக்கும். கிரேக்க மருத்துவர் காலென் 'அரைத்தலை' என்னும் பொருள்பட வழங்கிய சொல்லே காலப்போக்கில் மருவி, மேலைநாட்டு மொழிகளில் 'மைக்கிரேன்' ஆயிற்று. ஒருவரையொருவர் அறியாத மக்கள் இந்நோய்க்குப் பாதித் தலையை வைத்தே பெயரிட்டமை அறியத்தக்கது.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தலைவலி என்றதும் பனியின்மீது பழிபோடுவோர் உளர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தோன்றும். நுவரெலியா நகரமோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. ஆதலின் காரணத்தை மலையிற் காண்பதினும் மலையில் நிகழும் வேலைநாளிற் காண்பதே பொருந்தும். காலைப் பிரட்டுக்கு விரைபவள் வெறுந்தேநீரோடு புறப்படுகிறாள். உச்சிவெயில் கொழுந்து மலையிற் கழிகிறது. தண்ணீர் குடிப்பது குறைகிறது. உணவு நேரம் தவறுகிறது. பசி, நீர்க்குறைவு, வெயில், தூக்கக் குறைவு, மாதவிலக்கு ஆகியவை ஒற்றைத் தலைவலியை எழுப்புவன என மருத்துவர் கூறுவர். இந்நோய் ஆடவரினும் பெண்டிர்க்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்டிரே. கூடைக்கயிறு தலையை அழுத்துவதால் வரும் வலி வேறு. கயிற்றை இறக்கிய சிறிது நேரத்தில் அது நீங்கிவிடும்.

வலி வந்தபின் அதனைத் தணிக்கும் மருந்து ஒருவகை. வாராமற் காக்கும் மருந்து மற்றொருவகை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாமையே பல துன்பங்களுக்கு வித்தாகும்.

தணிக்கும் மருந்துகளில் எளியன அஸ்பிரின், பரசிற்றமோல், இபுப்புறொபன் என்பன. இவற்றை வலி தொடங்கிய உடனே உட்கொள்ளல் வேண்டும். ஒற்றைத் தலைவலி முற்றும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாவதால், பிந்தி விழுங்கிய மாத்திரை நெடுநேரம் வயிற்றிலேயே கிடக்கும். மாலை நிறுவை முடியட்டும் எனப் பொறுத்திருந்து மருந்து குடிப்பவள் அதன் பயனிற் பெரும்பகுதியை இழக்கிறாள். குமட்டலை அடக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் இதனாலேயே.

இவற்றுக்கு அடங்காத வலிக்கெனத் தனி மருந்துகள் உள. புல்லரிசிக் கதிரைப் பற்றும் எர்கொட் என்னும் பூஞ்சணம் ஐரோப்பாவிற் பல்லாயிரவரின் கைகால்களை அழுகச் செய்த கொடிய நஞ்சு. 1918இல் ஆதர் ஸ்ரோல் என்பார் அதிலிருந்து எர்கொற்றமினைப் பிரித்தெடுத்தார். குருதிக்குழாய்களைச் சுருக்கும் அப்பொருள் பல்லாண்டு ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாயிற்று. 1991இல் விற்பனைக்கு வந்த சுமாற்றிப்ரன் அதனினும் செம்மையாக வேலை செய்வது. எனினும் இதயநோய் உடையார்க்கு இரண்டும் ஆகா.

இனித் தேநீரைப்பற்றியும் ஒரு சொல். ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கஃபீன் உண்டு. அது வலிமாத்திரையின் ஆற்றலைச் சிறிது கூட்டும். ஆனால் நாள்தோறும் பல கோப்பை குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால், அந்த நிறுத்தமே தலைவலியைத் தரும்.

பெருங்கேடு வேறோரிடத்தில் உள்ளது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எளிய வலிமாத்திரைகளை உட்கொண்டு மூன்று மாதம் கடந்தால், மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும். எர்கொற்றமின், சுமாற்றிப்ரன், கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றுக்கு 10 நாளே எல்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் அச்சம் உள்ள இடத்தில், காலையில் இரண்டு பனடோல் விழுங்கிவிட்டு மலையேறுவது எளிதில் வழக்கமாகும். வலி கூடக்கூட மாத்திரை கூடும். மாத்திரை கூடக்கூட வலி கூடும். இதனைச் சோம்பல் என்றோ பாசாங்கு என்றோ கருதுவது அறியாமை. இச்சுழலிலிருந்து மீள மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திய முதல் நாட்களில் வலி மிகும். அந்நாட்களில் ஓய்வு கிடையாதவள் மீண்டும் மாத்திரையையே நாடுவாள்.

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி வருவோர்க்கு உரியது காக்கும் மருந்து. அவற்றுட் பழையது புறொப்பிரனலோல். இதயநோய்க்கென ஜேம்ஸ் பிளாக் ஆக்கிய அம்மருந்தை நெஞ்சுவலிக்காக உட்கொண்டவரிடத்தில் ஒற்றைத் தலைவலியும் தணிந்தமை 1966இல் வெளியாயிற்று. ஆஸ்துமா உள்ளவர்க்கு அதனைக் கொடுத்தல் ஆகாது. இரவிற் சிறிதளவு கொடுக்கும் அமிற்றிப்ரிலின் மற்றொன்று. வல்புறொயேற்றும் பயன்படுமாயினும் கருவிலுள்ள குழந்தையை ஊனப்படுத்த வல்லது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அது தக்கதன்று. 2018 முதல் வழக்குக்கு வந்த எதிருடல் ஊசிகள் நோயின் மூலத்தையே தாக்குவன. அவற்றின் விலையோ தோட்டத் தொழிலாளிக்கு எட்டாதது.

புறொப்பிரனலோலும் அமிற்றிப்ரிலினும் மலிவான மருந்துகள். மருந்தை வணிகப் பெயரால் அன்றி அதன் பொதுப்பெயரால் வாங்குக என வற்புறுத்திய பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. விலை தடையன்று எனின், தடை யாது? காக்கும் மருந்து இரண்டு மூன்று மாதம் தவறாது உட்கொண்ட பின்னரே பயன் காட்டும். வலிவரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி எனப்படும். இரண்டு வாரத்திற் பலன் காணாதவர் அதனைக் கைவிடுதல் இயல்பு. மேலும், அதனைத் தொடங்கவும் அளவைக் கூட்டவும் மருத்துவரைப் பலமுறை காணல் வேண்டும். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைத் தோட்ட உடைமையாளர்மீது சுமத்திற்று. அவ்வழிவந்த தோட்ட மருந்துக்காரர் வலிமாத்திரை கொடுக்கலாம். நீண்டகால மருந்துக்கு டிக்கோயா, நுவரெலியா முதலிய இடங்களிலுள்ள ஆஸ்பத்திரிகளின் கிளினிக்குக்கே செல்லவேண்டும். கிளினிக்குக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்பேர் இழப்பாகும்.